காய்ச்சல் விட்ட பிறகு

நர்ஸுகள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி, இரண்டு பெண்கள் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். "படிக்கறவாளுக்கு ஒரு உற்சாகம் வரணும் மாமி, அப்படி எழுதுங்கோ" என்றாள் ஒருத்தி. காபி கொடுத்தேன். உற்சாகம் என் கையில் இல்லை, நடந்ததை வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். இப்போதெல்லாம் சைனஸ் நோயாளிக்கு மூக்கு வழியாகக் குத்திக் கழுவுவதே கிடையாதாம். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்களாம். ரொம்ப நல்லது. என் உத்தியோகத்தில் பாதியை அந்தக் கழுவலில் கழித்தவள் நான். அது ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். மாட்டுங்காவில் அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவர் திடீரென்று போய்விட்டார். பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று பாலக்காட்டிலிருந்து சித்தப்பாமார் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். பணம் ஒருவரும் போடவில்லை. அம்மா ஒரு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. பயிற்சிக் காலத்தில் படுக்கை விரித்தேன், பெட்பான் கழுவினேன், கால் வீங்க நின்றேன், பரீட்சையில் தேறினேன். அவ்வளவுதான். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்களை வைத்து ஓட்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என்னை மூக்கு, காது பார்க்கும் பிரிவில் போட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம்.

பிரிவுக்குத் தலைவர் டாக்டர் பராஞ்பே. மராத்திக்காரர். ஒல்லி, கொஞ்சம் கூன். தொண்டைக்குள் விடும் கண்ணாடி மூச்சில் மங்காமல் இருக்க, அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்குவார். உடனே நோயாளியின் வாய்க்குள் விடமாட்டார். முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். நான் பார்த்த வருஷங்களில் ஒரு தடவைகூட அதை மறந்ததில்லை. "பயப்படாதே" என்ற வார்த்தையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. "வலிக்கும். கொஞ்ச நேரம்தான்" என்பார். அவர் சொன்ன கொஞ்ச நேரத்துக்கு மேல் வலிக்காது.

அவரிடம் ஒரு வேடிக்கை உண்டு. ஊரார் மூக்கையெல்லாம் பார்த்த அவருக்கு வாசனை தெரியாது. இளவயதில் வந்த ஏதோ ஜுரத்தில் அது போய்விட்டது. அதனால் அவருக்காக மோப்பம் பிடிக்கும் வேலை எனக்கு.

மூக்கைக் கழுவுவது எப்படி என்று இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பஞ்சை மரப்பு மருந்தில் நனைத்து, மெல்லிய கம்பியில் சுற்றி, மூக்குக்குள் கீழ்ப்புறமாகச் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மரத்த பிறகு டாக்டர் ஒரு குழல் ஊசியை உள்ளே விடுவார். ஊசி என்று பெயர்தான்; பென்சில் நீளம் இருக்கும். மூக்கின் பக்கச் சுவரில் எலும்பு மெல்லிசாக இருக்கிற இடம் பார்த்து அழுத்துவார். முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எங்களுக்கு அது சின்னச் சத்தம். நோயாளிக்குத் தலைக்குள் இடி. பிறகு அவரைக் குனியச் சொல்லி, வாயால் மூச்சு விடச் சொல்லி, மோவாய்க்குக் கீழே நான் தட்டைப் பிடிப்பேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ரப்பர் பந்தால் உள்ளே பீச்சுவோம். முதலில் வெறும் தண்ணீர் வரும். அப்புறம் கட்டி கட்டியாகச் சீழ். அப்போது டாக்டர் என் பக்கம் திரும்பாமலே கேட்பார்: "வாசனை?"

"இல்லை" என்றால் சளியில் வந்தது. "இருக்கிறது" என்றால் பல்லில் இருந்து வந்தது. அழுகிய பல்லின் வேர் மேலே போய், கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் பொந்தைத் தொட்டிருக்கும். அந்த நாற்றத்தை வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் என் மூக்கு மறக்காது. சாப்பாட்டில் கையை வைத்தால் அது வந்து நிற்கும்.

காய்ச்சலைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான். "சைனஸ் தன் அறைக்குள் இருக்கும்வரை பெரிய ஜுரம் தராது. சாயங்காலம் லேசாக உடம்பு சுடும், கன்னம் கனக்கும், குனிந்தால் தலை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். குளிரோடு பெரிய ஜுரம் வந்தால் சீழ் சுவரைத் தாண்டப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்."

அந்த லேசான ஜுரமே எத்தனை வீட்டைக் குலைத்திருக்கிறது! மாட்டுங்காவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ராமநாதன் என்று ஒருவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை; அண்ணா, மன்னியோடு ஒரே வீட்டில் இருந்தார். மாதக்கணக்காகச் சாயங்காலம் உடம்பு சுட்டது, ஆள் இளைத்தார். டி.பி. என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தட்டு, தம்ளர் எல்லாம் தனி. மனைவியையும் குழந்தையையும் ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. யாரோ சொல்லி எங்களிடம் வந்தார். அவரை இருட்டறையில் உட்கார வைத்து, டாக்டர் ஒரு சின்ன பல்பை அவர் வாய்க்குள் வைத்து மூடச் சொன்னார். சைனஸ் சுத்தமாக இருந்தால் இரண்டு கன்னமும் உள்ளிருந்து சிவப்பாக ஒளிரும். இவருக்கு வலது கன்னம் சிவந்தது. இடது கன்னம் கரியாக இருந்தது. கழுவினோம். வாசனை இருந்தது. பல்லைப் பிடுங்கினார்கள். சில வாரத்தில் சாயங்கால ஜுரம் நின்றது.

அவர் நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்தேன். "டி.பி. இல்லேன்னு நீங்களே வந்து எங்க மன்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவேளா? நான் சொன்னா நம்பமாட்டேங்கறா" என்றார். போய்ச் சொன்னேன். மன்னி வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டாள். "அப்படியா, பகவான் காப்பாத்தினார்" என்றாள். பிறகு எனக்கு மோர் கொண்டுவந்தாள், ராமநாதனுக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளரில். நான் ஆஸ்பத்திரிக்காரி அல்லவா? குடித்துவிட்டு வந்தேன்.

இப்படி நூறு சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்கள் வந்துபோன பிறகு என் மனசில் நின்றது ஒன்றுதான். அது சுடலைமுத்துவின் கேஸ்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மழைக்காலம். சுடலைமுத்து தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவன். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது, நல்ல உடம்பு. தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி செல்லத்தாய். வாரக்கணக்காகக் குளிர் ஜுரம். மலேரியா என்று சொல்லிக் குயினைன் கொடுத்திருந்தார்கள். காது இரைச்சல்தான் கண்ட பலன். துண்டை அவிழ்த்தபோது பார்த்தேன். இடது புருவத்துக்கு மேல் நெற்றி உப்பியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்தினார். பிசைந்த மாவில் விழுகிற மாதிரி குழி விழுந்தது.

எப்போதிலிருந்து ஜுரம் என்று நான் தமிழில் கேட்டேன். செல்லத்தாய் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"ஏட்டி, ஒன்னையவா கேட்டாவ? நான் என்ன செத்தா போய்ட்டேன்?" என்று கையை ஓங்கினான்.

அவள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமலே தலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள், ரயிலில் ஜன்னல் பக்கம் சாரல் அடித்தால் ஒதுங்குவோமே, அந்த மாதிரி. ஓங்கிய கை ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து இறங்கியது.

நெற்றி சைனஸில் சீழ் கட்டி, எலும்பையே அரிக்க ஆரம்பித்திருந்தது. மறுநாளே புருவத்துக்குக் கீழே திறந்து சீழை எடுத்து, வடிவதற்கு ஒரு ரப்பர் குழாயை வைத்துக் கட்டினார் டாக்டர். சீழுக்கு அப்போது இருந்த சல்ஃபா மாத்திரை கொடுத்தோம். ஜுரம் படிப்படியாக இறங்கியது. வார்டில் எல்லாருக்கும் திருப்தி.

ஒரு மத்தியானம் செல்லத்தாய் தாராவி மாரியம்மன் கோயிலில் உடைத்த தேங்காயில் ஒரு மூடி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"காச்சலு விட்டுட்டு நர்ஸம்மா. அம்மன் கண்ணைத் தொறந்துட்டா."

"நல்லது" என்றேன்.

அவள் போகாமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காச்சலோட இன்னொண்ணும் விட்டுட்டு" என்றாள்.

"என்ன?"

"கோவம்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எம்பேரச் சொல்லி அவுக கூப்பிட்டதில்லம்மா. ஏட்டிதான், மூதிதான். நேத்து 'செல்லத்தாயி, நீ சாப்பிட்டியா'ங்காவ. எனக்கு அழுகையே வந்துட்டு. இன்னிக்கும் கேட்டாவ. எதைச் சொன்னாலும் சிரிக்காவ. சாமி வேற ஆளையில்லா திருப்பிக் குடுத்திருக்கு!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நோய் வந்து மனுஷன் திருந்துவதை நாங்கள் பார்க்காதவர்களா? டாக்டர் ரவுண்டு வந்தபோது, ஜுரம் இல்லை, அமைதியாக இருக்கிறான், மனைவிகூட ஆள் ரொம்பச் சாதுவாகிவிட்டார் என்று சொல்கிறாள் என்றேன்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு எடுத்து வைத்த காலை நிறுத்தினார். "சாதுவா? அவள் என்ன சொன்னாள்? அவள் வார்த்தையிலேயே சொல்லு."

சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுடலைமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நாடி மந்தமாக, ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து நடக்கிற மாதிரி இருந்தது. உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது. ஜுரம் இறங்கி, இருக்கவேண்டிய அளவுக்கும் கீழே போயிருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "வலிக்கத்தான் செய்யுது. வலிக்கட்டுமே" என்று சிரித்தான். எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டேன். கொட்டாவி விட்டான். "எந்த ஊரா இருந்தா என்னம்மா? நல்ல ஊருதான்." போர்வையை விலக்கினோம். படுக்கை நனைந்திருந்தது. அதை அவன் பொருட்படுத்தவே இல்லை. டாக்டர் விளக்கை வைத்து அவன் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

வராந்தாவில் வைத்துச் சொன்னார். "சீழ் உள்ளே போய்விட்டது. மூளையின் முன்பக்கம் கட்டி நிற்கிறது. உடனே எடுக்க வேண்டும்."

"காய்ச்சலே இல்லையே, டாக்டர்" என்றேன்.

"அதுதான் எனக்குப் பயம்" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

செல்லத்தாயைக் கூப்பிட்டார். நான் நடுவில் நின்று அவர் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை அவருக்கும் மாற்றிச் சொன்னேன். மறுபடி திறக்க வேண்டும், இந்தத் தடவை இன்னும் ஆழமாக என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"என்னத்துக்கு? அதான் காச்சலு விட்டுட்டே. நல்லாத்தான இருக்காவ?"

"நல்லா இல்லை, செல்லத்தாய். காய்ச்சல் விட்டது நல்லதுக்கு இல்லை. சீழ் தலைக்குள்ளே போயிடுத்து. அதனாலதான் நாடி குறையறது, தூக்கம் தூக்கமா வரது."

"எங்கிட்ட நல்ல விதமா பேசுதாவளே?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். சொல்லாமல் முடியாது.

"அதுவும் அந்தச் சீழாலதான்" என்றேன்.

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். வராந்தாவில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. "சீழை எடுத்துட்டா எப்படி இருப்பாவ?" என்று கேட்டாள்.

மராத்தியில் டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு அவள் பயந்திருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். குனிந்து, அவருக்கு வராத மென்மையை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "பிழைத்துவிட்டால் பழையபடியே இருப்பான் என்று சொல்லு. அச்சாகப் பழைய ஆள். ஒரு குறையும் இருக்காது."

நான் அப்படியே சொன்னேன். "பழையபடியே ஆயிடுவார்."

"பழையபடியேவா?"

"ஆமாம்."

டாக்டர் அவள் முகம் மலரும் என்று காத்திருந்தார். அது மலரவில்லை. "எடுக்காட்டா?" என்றாள்.

"தூங்கிண்டே இருப்பார். அப்புறம் எழுந்திருக்கமாட்டார்."

அவள் எழுந்து உள்ளே போனாள். நாங்கள் தடுக்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஒரு வாய் ஊட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தி என்னமோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் அடுத்த கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவன் ஒரு வாய், அவள் ஒரு வாய் என்று அந்தச் சோறு முடிகிற வரைக்கும் இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ரேகை எங்கம்மா வைக்கணும்?" என்றாள்.

அந்த ஆபரேஷனில் நான்தான் கூட நின்றேன். பழைய காயத்தைத் திறந்தார். சைனஸின் பின்சுவரை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தார். அதற்குப் பின்னால் மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வு தெரிந்தது. அது நாடியோடு துடிக்க வேண்டும். இவனுக்கு இறுகிப்போய் அசையாமல் இருந்தது. முனை மழுங்கிய குழல் ஊசியை மெல்ல உள்ளே விட்டார். ஒன்றும் வரவில்லை. வெளியே எடுத்து, சாய்வை மாற்றி, மறுபடி விட்டார். அப்போதும் வரவில்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். இன்னும் ஒரு தடவை, மூக்குப் பக்கமாகச் சாய்த்து. பச்சையாக, கெட்டியாகச் சீழ் ஏறி வந்தது.

"வாசனை?" என்றார்.

"இல்லை" என்றேன். தலையை ஆட்டினார்.

பெனிசிலின் அப்போதுதான் பட்டாளத்துக் கையிருப்பிலிருந்து எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் தானே அலைந்து சில குப்பிகள் வாங்கி வந்திருந்தார். சீழ் இருந்த பொந்துக்குள்ளும் விட்டோம், தொடையிலும் போட்டோம். இரவும் பகலுமாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஊசி. ஊசி போடுகிற கைகள் மாறின. கட்டிலடியில் இருந்த செல்லத்தாய் மாறவில்லை. அவன் கண் திறக்கவில்லை. அவள் கேள்வி எதுவும் கேட்கவும் இல்லை.

பிறகு நாடி வேகம் பிடித்தது. கூப்பிட்டால் திரும்பினான். தண்ணீர் கேட்டான். ஒரு காலை, டாக்டர் இரண்டு கட்டில் தள்ளிப் பயிற்சி டாக்டர்களோடு நின்றுகொண்டிருந்தார். செல்லத்தாய் தம்ளரில் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். சுடலைமுத்து ஒரு வாய் குடித்தான்.

"ஏட்டி, சவத்து மூதி! கஞ்சில உப்பு எங்கட்டி?"

தம்ளர் பறந்து போய் எதிர்க் கட்டில் காலில் மோதியது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் வேகமாக வந்தார். "என்ன சொன்னான்? என்ன சொன்னான், சிஸ்டர்?"

மராத்தியில் சொன்னேன். அந்தத் திட்டுக்குச் சரியான வார்த்தை எனக்கு மராத்தியில் தெரியவில்லை. பக்கத்தில் எதுவோ அதைச் சொன்னேன்.

"ஷாபாஷ்!" என்று டாக்டர் இரண்டு கையையும் தட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "உப்பு இல்லை என்று தெரிகிறது! கோபம் வருகிறது! பாருங்கள், இதுதான் குணமாவது" என்று பயிற்சி டாக்டர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். நோயாளிகளும் சிரித்தார்கள். செல்லத்தாய் குந்தி உட்கார்ந்து, தரையில் கொட்டிய கஞ்சியைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

டாக்டர் செய்தது சரி. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அந்த நாளில் தலைக்குள் சீழ் கட்டிப் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ பேரை நாங்கள் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினோம். எந்த வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று கேட்பது எங்கள் வேலை இல்லை. ஆனால் வாசலில் நின்று போகிறவர்களைப் பார்க்கிற வேலை என்னுடையதாக இருந்தது. வேலையில் எனக்குக் களைப்பு வந்தது நின்று நின்று கால் வலித்ததால் மட்டும் இல்லை.

அவனை வீட்டுக்கு அனுப்பிய அன்று, மூட்டையைத் தூக்கிக்கொண்டு செல்லத்தாய் என்னிடம் வந்தாள். சுடலைமுத்து முன்னாலேயே மாடிப்படிக்குப் போய்விட்டான்.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அந்தச் சீழ முழுசா எடுத்துட்டாவளா?"

திரும்ப வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "கவலைப்படாதே. சுத்தமா எடுத்தாச்சு" என்றேன்.

கீழேயிருந்து அவன் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் மூட்டையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

"கொஞ்சங்கூட மிச்சம் இல்லியா?"

"இல்லை" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள்.